பண்ணாடி வீடு ஸ்டாப்பிங்

நொச்சிக்காட்டுப்புதூர் குழந்தைவேல் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பன்னிரண்டடி அகலத்துக்குத் தார் ரோடு கிடந்தது. கிழக்கு வாசல் வழியாக உள்ளே வந்து, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே புகுந்து, சமையலறையை உரசினாற்போல் போய், பின்வாசல் வழியாக மேற்கே வெளியேறியிருந்தது. இரண்டு வாசல்களும் அதற்கு வேண்டிய அளவு அகன்று கொடுத்திருந்தன. சுவரில் ஒரு கீறல் இல்லை, கூரையில் ஒரு ஓடு நகரவில்லை. காப்பி டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்த அமராவதியம்மா ரோட்டோரத்தில் நின்று வலதுபக்கம் பார்த்து, இடதுபக்கம் பார்த்து, வண்டி எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகு குறுக்கே நடந்துபோய் சோபாவில் இருந்த கணவரிடம் டம்ளரைக் கொடுத்தார். ரோடு எப்படி வந்தது என்று குழந்தைவேல் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரியும், அவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர் வாயை அடைத்துவிட்டது.

அது காலனியிலிருந்து வந்தது.

காலனி கிழக்கே இருக்கிறது, காலனிக்காரர்களைப் புதைக்கிற இடம் மேற்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே, பண்ணாடி என்று காலனியே கூப்பிடுகிற நிலக்காரர் குழந்தைவேலின் பதினெட்டு ஏக்கரும் அதன் நட்டநடுவில் அவர் வீடும் இருக்கின்றன. அந்த மண்ணில் வேலைக்கு வருகிற கால் படலாம், வேறெதற்கும் காலனிக்காரர் கால் படக்கூடாது என்பது அவர் தாத்தா காலத்து ஏற்பாடு. அதனால் செத்தவர்கள் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குள் இறங்கித்தான் போனார்கள், கோடையில் மணலும் முள்ளுமாக, மழையில் மார்பளவு தண்ணீரில். முந்தின வருஷம் ஐப்பசியில் காலனி மாராயி செத்தபோது தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது, பாடை சாய்ந்தது, மாராயி தண்ணீரோடு போய்விட்டார். முக்கால் மணி நேரம் தேடி, நாணல் வேரில் புடவை சிக்கிக் கிடந்தவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கரையில் நின்று அதைப் பார்த்த மகள் தேவகுமாரி அழவில்லை. பார்த்தது பார்த்தபடி நின்றாள். அதற்கப்புறம் மூன்று மாதம் அவள் யாரோடும் பேசவும் இல்லை.

தேவகுமாரிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவது அவள் வேலை, பதினைந்து வருஷமாக அதே வேலை. கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தொட்டே அது எத்தனை கனம் என்று சொல்வாள். அந்தப் பட்டறைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மண்மேட்டில் ரிமோட் வண்டிப் பந்தயம் விடுகிற கூட்டத்திலிருந்து ஒருத்தர், முழங்கை நீளத்தில் ஒரு டிரக்கைக் கொண்டுவந்து, மோட்டார் புகைந்துவிட்டது, சுற்றிக் கொடுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னார். மூன்று மாதமாகப் பேசாதிருந்த தேவகுமாரி அந்தப் போனில்தான் முதன்முதலாக, சரிங்க என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் அந்த வண்டியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். சுற்று எண்ணிக்கையைக் குறைத்து, கனமான கம்பி போட்டு மோட்டாரைச் சுற்றினாள், அதனால் வேகம் கூடியது. வேகம் கூடியதும் பிளாஸ்டிக் கியர் பல் தேய்ந்து உதிர்ந்தது, லேத்காரரிடம் சொல்லி எஃகில் கடைந்து மாட்டினாள். எஃகு போட்டதும் சக்கரத்துக்குப் போகிற அச்சு முறிந்தது, அதையும் மாற்றினாள். வண்டி கனமானதும் மேட்டில் ஏறி இறங்கும்போது தலைகுப்புற விழுந்தது, நான்கு ஷாக் அப்சார்பரிலும் இருந்த எண்ணெயை வடித்துவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றி ஸ்பிரிங்கை மாற்றினாள். ரிசீவர் நனையாமல் இருக்க அதைப் பலூனுக்குள் போட்டுக் கட்டினாள். ஒன்றை மாற்றினால் அதற்கடுத்தது உடையும், அதை மாற்றினால் அதற்கடுத்தது. பழைய வண்டியில் மேல்கூடு ஒன்றுதான் மிஞ்சியது. கடைசியாக அவள் ரிமோட்டின் ஆன்டெனாவையும் மாற்றி, நூறு மீட்டருக்கு மேல் போனால் நின்றுவிடுகிற வண்டியை இருநூற்றைம்பது மீட்டர் போகிற வண்டியாக ஆக்கினாள். பந்தய மைதானம் நாற்பது மீட்டர்தான், அத்தனை தூரம் எதற்கு என்று மேஸ்திரி கேட்டதற்கு, சும்மாதான் என்று சொன்னாள்.

பங்குனியில் கடலைக்கொடி பிடுங்கிய பிறகு குழந்தைவேலின் பூமி வெறுமையாகக் கிடந்தது. ஒரு சாயங்காலம் தேவகுமாரி காலனித் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், எல்லைக்கல்லுக்கு இந்தப்புறம், கால்விரல்கூட அந்தப்புறம் நீளாமல் நின்றுகொண்டு வண்டியை மட்டும் அந்த மண்ணில் இறக்கிவிட்டாள். வரப்பில் வந்துகொண்டிருந்த கந்தப்பன் நின்று பார்த்தார். கந்தப்பன் காலனிக்காரர், நாற்பத்தாறு வருஷமாக அந்தப் பூமிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவர் எச்சரிப்பார் என்று அவள் நினைத்தாள்.

"காலு படக்கூடாதுன்னுதான அம்முணி சொன்னாங்க," என்றார் கந்தப்பன். "சக்கரத்தப் பத்தி யாரும் ஒண்ணுஞ் சொல்லுல."

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு நேராக மேற்கே போனது. இருநூற்றைம்பது மீட்டரில், குழந்தைவேல் வீட்டுக் கேட்டுக்கு முன்னால், அதற்குமேல் ரிமோட் எட்டாது என்று தெரிந்து தேவகுமாரி திருப்பினாள். அதே தடத்தில் வண்டி திரும்பி வந்தது.

மறுநாள் பால்வண்டி வருகிற நேரத்தில் அந்தத் தடம் சாண் அகலத்துக்குத் தார் ரோடாக இருந்தது. நடுவில் வெள்ளைக்கோடும் இருந்தது. மத்தியானம் முழ அகலம் ஆனது. மூன்றாம் நாள் லாரி போகிற அகலத்துக்கு வந்து வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. காலனிப் பெண்கள் அதில் ராகி காயப்போட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் ஆடுகள் வந்து படுத்துக்கொண்டன. கிராம நிர்வாக அலுவலர் வந்து, வரைபடத்தில் இல்லாத ரோடு செல்லாது என்று சொல்லி வரைபடத்தை விரித்தார். அதில் பழைய மையில், அவர் பிறப்பதற்கு முன்னால் யாரோ வரைந்ததுபோல் ரோடு இருந்தது. அவர் படத்தை மடித்துக்கொண்டு, அப்படியானால் சரி என்று போனார். பஞ்சாயத்திலிருந்து ஒரு திட்டத்தின் பெயரை எழுதிப் பலகை நட்டார்கள். யாரோ வந்து ரிப்பன் வெட்டினார்கள். ரோடு முளைத்ததில் ஊரில் ஒருவருக்கும் அதிர்ச்சி இல்லை. மழை பெய்தால் காளான் முளைக்கிறது, அப்படித்தான் இதுவும் என்று இருந்தார்கள். ஆனால் காலனியிலிருந்து கிளம்பிய ஒரு ரோடு பண்ணாடி வீட்டுக் கேட்டில் போய் நிற்கிறது என்பதை நினைத்தபோது, ஊர்ப்பக்கத்தில் சிலர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

குழந்தைவேல் ஜேசிபியை வரவழைத்தார். பல் மூன்று உடைந்தது. தோண்டிய ஒரு குழியும் வண்டி திரும்புவதற்குள் தானாக மூடிக்கொண்டது. முள்வேலி போட்டார். காலையில் வேலி இரண்டாகப் பிரிந்து ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஒழுங்காக நின்றது. கடைசியில் ஆள் அனுப்பி, அந்தப் பொம்மை லாரியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வரும்படி தேவகுமாரியிடம் சொல்லச் சொன்னார்.

அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள், வண்டியை உள்ளே இறக்கிவிட்டாள். போட்டவள் நீ, நீயே எடுத்துவிடு என்று குழந்தைவேல் சொன்னார். அவர் கத்தவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் முகம் பத்து வருஷம் மூப்பாகியிருந்தது.

"எடுக்க வராதுங்க பண்ணாடி," என்றாள் தேவகுமாரி. "பின்னால ஓட்டியும் பாத்துட்டமுங்க. ரோடு போகுல. நடுக்கோடு ஒண்ணு ரெண்டாயிருச்சுங்க."

அவர் நம்பவில்லை. ரிமோட்டைக் கொடு என்றார். அவள் நீட்டினாள். அவர் கை நீளவில்லை, கீழே வை என்றார். கேட்டோரத் திட்டின்மேல் வைத்துவிட்டு அவள் பின்னால் தள்ளி நின்றாள். அவள் தொட்ட பொருளை வெறுங்கையால் எடுக்க மனமில்லாமல் குழந்தைவேல் தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரிமோட்டை எடுத்தார். துண்டின் நூல்முனை விசையில் சிக்கிக்கொண்டது. விசை கடைசிவரை அழுந்தி, அப்படியே நின்றுவிட்டது.

அந்த மோட்டாரை அதுவரை யாரும், தேவகுமாரிகூட, முழு வேகத்துக்கு விட்டதில்லை. வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது, வாசல்படியில் எகிறியது, ஷாக் அப்சார்பர் நான்கும் அமுங்கி எழக் கூடத்துக்குள் இறங்கியது. அவர் துண்டை உதற உதற இன்னும் இறுகியது. அமராவதியம்மா அரிசிக்கூடையோடு சுவரோரம் ஒதுங்கினார். வண்டி பின்வாசலைத் தாண்டி, தென்னைகளுக்கு நடுவே, மேற்கே போய்க்கொண்டே இருந்தது. ரிமோட் எட்டாத தூரத்துக்குப் போனபிறகும் அது நிற்கவில்லை. அது புதைக்கிற இடத்துப் பக்கம் போவதைத் தேவகுமாரி கேட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தாள். பண்ணாடி கையில் ரிமோட் இருந்தது.

கந்தப்பன்தான் போய்த் தேடி எடுத்துவந்தார், கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல் துண்டில் போட்டு. மோட்டார் கரிந்திருந்தது. எங்கே கிடந்தது என்று அவள் கேட்கவில்லை, உங்கம்மா தலைமாட்டில் என்று அவராகச் சொன்னார்.

அந்தத் தடத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் கூடத்துக்குள் ரோடு வந்தது, இந்தத் தடவை ஒரே ராத்திரியில் முழு அகலத்துக்கு, அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. முதல் இரண்டு நாள் பார்க்க வந்தார்கள், மூன்றாம் நாள் போகவர ஆரம்பித்தார்கள். கொத்தனார் வந்து இரண்டு வாசலையும் சுவர் வைத்து அடைத்தார். காலையில் பார்த்தால் செங்கல் எல்லாம் ரோட்டோரத்தில் வரிசையாகப் படுத்திருந்தன, கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் பூசிக்கொண்டு. டவுன்பஸ் டிரைவர், அந்த வழியில் போனால் நாலு கிலோமீட்டர் மிச்சம் என்று கண்டுகொண்டார். கண்டக்டர் "பண்ணாடி வீடு எறங்கு" என்று குரல் கொடுக்க, சோபாவுக்கு எதிரில் பஸ் நின்று கிளம்பியது. ஒருத்தர் வீடாயிற்றே என்று பயணிகள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சில பெண்கள் சீட்டுக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். சாமி கும்பிடுகிற நேரத்தில் டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை. முப்பத்தொரு வருஷமாகக் கல்யாணம், கருமாதிக்கு மட்டும் வெளியே போன அமராவதியம்மா முதலில் சமையலறைக்குத் திரை போட்டார், அப்புறம் திரையை விலக்கிப் பார்த்தார், அப்புறம் திரையை எடுத்துவிட்டார். ஆவணிக்குள் அவருக்கு எட்டே கால் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லார் பெயரும் தெரிந்திருந்தது. குழந்தைவேல் சோபாவை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருக்கும், பஸ் வந்தால் மறைக்கும், போனால் தெரியும்.

தேவகுமாரி மோட்டாரை மறுபடி சுற்றிப் போட்டாள். ஊர் ஊராக ஆட்கள் வந்து, எங்கள் தெருவுக்கும் ஓட்டிக் காட்டு என்று கேட்டார்கள். அவளும் மறுக்காமல் ஓட்டினாள். புழுதிதான் வந்தது, ரோடு வரவில்லை. அதற்குள் இருந்தது அவ்வளவுதான் போல என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் வண்டி மூன்றாவதாக வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. காலனிக்காரர்கள் ஒருவரும் அந்தக் கேட்டைத் தாண்டவில்லை. பஸ்ஸில் ஏறியவர்கள் கேட்டுக்கு முன்னால் இறங்கி, ஓடையைச் சுற்றி நடந்து, மேற்கே மெயின்ரோட்டில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. தேவகுமாரி தனியாக ஒரு நாள் நடந்துபோய்ப் பார்த்தாள். பகல் பன்னிரண்டு மணி, ரோடு காலியாக இருந்தது. கேட் வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். எதை உடைத்தால் எதை மாற்றலாம் என்று அறிந்தவளுக்கு இது எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று தெரியவில்லை. அம்மா தண்ணீரில் போனபோதுகூட அவளுக்கு அப்படித் திக்கென்று ஆனதில்லை.

புரட்டாசியில் கந்தப்பன் செத்துப்போனார். மோட்டார் ரூமில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் மழை பிந்திவிட்டதால் ஓடை காய்ந்து கிடந்தது, எப்போதும்போல அந்த வழியில் போவதற்கு ஒரு தடையும் இல்லை. பறை அடித்துப் பாடையைத் தூக்கியவர்கள் பழக்கத்தில் ஓடைப்பக்கம் திரும்பினார்கள்.

"ரோட்டுல போலாம்," என்றாள் தேவகுமாரி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பறை நின்றது, தூக்கியவர்கள் நின்றார்கள், பின்னால் வந்த பெண்கள் நின்றார்கள். அவள் முன்னால் போய் ரோட்டில் ஏறினாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும்தான் ரோட்டில் இருந்தாள். பிறகு பாடை அவள் பின்னால் திரும்பியது.

செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. குழந்தைவேலின் பங்காளிகள் பத்துப் பேர் கூடத்தில் ரோட்டின் குறுக்கே கைகோத்து நின்றார்கள். கேட்டருகே தேவகுமாரியின் கால் மறுபடி நின்றுவிடப் பார்த்தது. பின்னாலிருந்து பாடை வந்துகொண்டிருந்தது, அதற்கு இடம் விடவேண்டுமே என்று கால் எடுத்து வைத்தது. வாசலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் நின்றார்கள். அவர்கள் நகரவில்லை, இவர்களும் நகரவில்லை. பறை அடிக்கிறவர் குச்சியைத் தூக்கியபடியே நின்றார். அப்போது பாடைக்குப் பின்னால் எட்டே கால் பஸ் வந்து நின்றது, நாற்பது பேரோடு. பங்காளிகளில் ஒருவர் மனைவியும் அதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, கொஞ்சம் ஓரமாப் போங்க, டைமாகுது என்றார். அந்த ஆறு மாதத்தில் அந்த இடத்தில் பஸ் வந்தால் ஓரம்போவது எல்லாருக்கும் பழகியிருந்தது. பத்துப் பேரும் ஓரம்போனார்கள். போனபிறகுதான் தாங்கள் என்ன செய்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் பாடை அதற்குள் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

அங்கே அது நின்றது. தூக்கியவர்கள் வேண்டுமென்று நிற்கவில்லை. வீட்டுக்கும் இடுகாட்டுக்கும் பாதிவழியில் பாடையை இறக்கி, தலைப்பக்கம் கால்பக்கம் மாற்றித் தூக்க வேண்டும், பெண்கள் அதற்குமேல் வரக்கூடாது, அது முறை. ஓடையில் போனால் அந்த இடம் ஒரு வேலமரத்தடி. ரோட்டில் பாதிவழி எது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. இப்போது முன்னால் பார்த்தார்கள், பின்னால் பார்த்தார்கள், வேறு வழியில்லை. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே கந்தப்பனை இறக்கி வைத்தார்கள்.

குழந்தைவேல் எழுந்து நின்றார். தான் எழவில்லை, கால்தான் எழுந்துவிட்டது என்று பிற்பாடு அவர் பங்காளிகளிடம் சொன்னார், அது உண்மையாகவும் இருக்கலாம். நாற்பத்தாறு வருஷத்தில் கந்தப்பன் படுத்திருந்து அவர் பார்த்ததில்லை. வீட்டுக்குள் பார்த்ததில்லை. அந்த முகத்தை அத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. கன்னத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்போது, எதனால் வந்தது என்று தனக்குத் தெரியவில்லையே என்பதில் அவர் திகைத்துப்போய், உதடு லேசாகத் திறந்தபடி நின்றார். பாடையைத் திருப்பித் தூக்கினார்கள். பறை மறுபடி எழுந்தது. ஆண்கள் பின்வாசல் வழியாகத் தென்னைகளுக்கு நடுவே மேற்கே போனார்கள். பஸ்ஸும் அவர்கள் பின்னால் மெதுவாக, ஹாரன் அடிக்காமல் போனது.

கூடத்தில் காலனிப் பெண்கள் இருபது பேர் மிஞ்சினார்கள், அழுத கண்ணோடும் கலைந்த தலையோடும். எங்கே கையை வைப்பது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர்கள் நெருங்கி நின்றார்கள். தார்மேல் பூ சிதறிக் கிடந்தது. அமராவதியம்மா வாளியில் தண்ணீரும் கையில் விளக்குமாறுமாக வந்தவர், ரோட்டோரத்தில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க," என்று கணவரைக் கேட்டார். "தெருவுல போற பொணத்துக்குன்னா வாசல்ல தண்ணி தெளிச்சாப் போதும். வீட்டுக்குள்ள எறக்குன பொணத்துக்கு வீடு பூராக் கழுவோணும், தலைக்கு ஊத்திக்கோணும். இது எதுங்க?"

குழந்தைவேல் பங்காளிகளைப் பார்த்தார், அவர்கள் அங்கே இல்லை. அமராவதியம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பூஜையறைக்குப் போனார். அங்கே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்த அறையிலிருந்து ஆரம்பித்தால் வீடு பூராவும் என்று அர்த்தம். குழந்தைவேல் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு செருப்புப் போடாமல், சட்டையைக்கூடக் கழற்றாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி வயலில் நடந்து மோட்டார் ரூமுக்குப் போனார். பெண்கள் எல்லாரும் கதவோரம் வந்து பார்த்தார்கள். அவர் பெரிய குழாயின்கீழ், தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தார், பங்காளி செத்தால் உட்காருகிறாற்போல. தண்ணீர் வரவில்லை. கந்தப்பன் இல்லாமல் அந்த மோட்டார் ஓடியதே இல்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அந்தப் பூமிக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்தபடியே வீட்டுப்பக்கம் திரும்பினார்.

"தேவகுமாரி," என்றார். அவர் வாயில் அந்தப் பெயர் அதுவரை வந்ததில்லை. "மோட்டாரு எப்பிடிப் போடறது?"

தேவகுமாரி ரோட்டைவிட்டு இறங்கினாள். உழுத மண் பாதத்தில் ஒட்டியது. மோட்டார் ரூமில் கந்தப்பன் உட்கார்ந்திருந்த சாக்கு அப்படியே விரிந்து கிடந்தது, அதை மிதிக்காமல் தாண்டிப்போய் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது, குழாய் இருமியது, தண்ணீர் வந்து குழந்தைவேலின் தலையில் விழுந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.